கிணத்துக்குள்ள கிளிஞ்சல்: அரியலூர் கல்லு பத்தி உங்க கேள்விங்க

போன இதழ்ல அரியலூர் பக்கம் வயக்காட்டுல கடல் நத்தை கிடைக்கும்னு போற போக்குல ரெண்டு வரி எழுதினேன், அவ்ளோதான், லெட்டரு மெயிலு வாட்ஸப்புன்னு வந்து குவிஞ்சிடுச்சு. சரி, இந்த மாசம் மத்த கேள்வியெல்லாம் ஓரமா இருக்கட்டும், கல்லு மட்டும் பாப்போம். ஒரே மாதிரி வந்ததையெல்லாம் ஒண்ணாச் சேத்துட்டேன், யாரும் கோவிச்சுக்காதீங்க.

எங்க முந்திரிக்காட்டுல கிணறு வெட்டுனப்ப முப்பது அடியில கூடை கூடையா கிளிஞ்சல் வந்துச்சு. பிரளயத்துல கடல் பொங்கி வந்து ஒதுக்கிட்டுப் போனதுன்னு எங்க மாமனார் சொல்றாரு. இல்ல தாத்தா, இங்கயே கடல் இருந்துச்சுன்னு எட்டாவது படிக்கிற என் பையன் சண்டைக்கு நிக்கிறான். யாரு சொல்றது சரி?
– ஒரு வாசகி, செந்துறை

பையன் ஜெயிச்சுட்டான். ஆனா மாமனாரையும் அடியோட தப்புன்னு சொல்லிடாதீங்க, கடல் வந்தது உண்மைதான், ஒரே ராத்திரில பொங்கி வரல, வந்துட்டு உடனே போகவும் இல்ல, கோடிக்கணக்கான வருஷம் இங்கயே படுத்துக் கிடந்துச்சு.

இதை நீங்களே வீட்டுல செக் பண்ணலாம். கிணத்துல வந்த கிளிஞ்சலை ஒரு பக்கெட்ல ஊறப்போட்டு பழைய பல் விளக்குற பிரஷ் வச்சுத் தேச்சுப் பாருங்க. ரெண்டு ஓடும் வாயை மூடினபடி சேந்தே இருக்கிறது சிலது வரும். சில சிப்பி மேல சின்னச் சின்ன புழுக்குழாய் ஒட்டி வளந்திருக்கும், இல்ல வலை மாதிரி ஒரு பூச்சு படர்ந்திருக்கும், அது பிரையோசோவான்னு ஒரு கடல் உயிரு. பெரிய சிப்பி இருக்கிற எடத்துலயே அதோட குட்டிங்களும் இருக்கும். வெள்ளம் அடிச்சுட்டு வந்து கொட்டியிருந்தா எல்லாம் உடைஞ்சு தேஞ்சு, கல்லும் கட்டையும் கலந்து குப்பையா இருந்திருக்கணும். செத்த சிப்பி மேல இன்னொரு உயிரு உக்காந்து வீடு கட்டி வளரணும்னா அந்தக் கடலடி எத்தனை காலம் அமைதியா இருந்திருக்கணும்னு யோசிச்சுப் பாருங்க.

கதை இதுதான். சுமார் 13 கோடி வருஷத்துக்கு முன்னாடி நம்ம இந்தியா தெற்க அண்டார்டிகாவோடயும் ஆஸ்திரேலியாவோடயும் ஒட்டிக்கிட்டு இருந்த எடத்துல விரிசல் விட ஆரம்பிச்சுது. அந்த விரிசல்ல நிலம் துண்டு துண்டா உள்ள இறங்கி பள்ளமாச்சு, அதுக்குத்தான் இன்னைக்கு காவிரிப் படுகைன்னு பேரு, காவிரி ஆறுன்னு ஒண்ணு பொறக்கறதுக்கு எவ்வளவோ முந்தியே இருந்த பள்ளம் அது. முதல்ல ஆத்து மண்ணும் செடி கொடியும் விழுந்துச்சு, அப்புறம் 11 கோடி வருஷம் வாக்குல கடல் உள்ள ஏறுச்சு. ஏறுச்சு, பின்வாங்குச்சு, மறுபடி ஏறுச்சு. ஒவ்வொரு தடவையும் களியும் மணலும் சுண்ணாம்பும் ஒரு அடுக்கா படிஞ்சு கல்லாயிடுச்சு. இன்னைக்கு உங்க ஊர்ல இருந்து கடலைப் பாக்கணும்னா கிழக்க ரொம்ப தூரம் பஸ் ஏறணும், அன்னைக்கு வாசல்ல இருந்துச்சு.

இந்த அடுக்கெல்லாம் கிழக்குப் பக்கமா லேசா சாஞ்சு கிடக்கு. நான் அடிக்கடி சொல்ற விஷயம் இது: மேற்க பாடாலூர்ல ஒரு டிவிஎஸ் 50 எடுத்துக்கிட்டு கிளம்பி கிழக்க செந்துறைக்கு வாங்க, ஒரு காலைப்பொழுதுல கடல் அடுக்குல மட்டும் 5 கோடி வருஷம் தாண்டி வந்திருப்பீங்க. தொடக்கத்துல 200 கோடி வருஷத்துக்கும் மூத்த கருங்கல்லு, அதை ஒட்டி தெரணியில செடி அச்சு இருக்கிற வெள்ளைக் களி, அப்புறம் ஊட்டத்தூர் காரை பக்கம் கடல் களிமண், கொளக்காநத்தம் கருடமங்கலம்னு மணல்கல்லும் சிப்பிக்கல்லும், பிறகு சில்லக்குடி, கல்லங்குறிச்சி சுண்ணாம்பு, ஒட்டக்கோவில், கல்லமேடு, கடைசில உங்க பக்கம் நின்னியூர். மேற்க பழசு, கிழக்க புதுசு. உங்க கிணறு இதுல எந்த அடுக்குல இருக்குன்னு தெரிஞ்சாத்தான் உங்க கிளிஞ்சலுக்கு வயசு சொல்ல முடியும், அதனால ஒண்ணு ரெண்டை எடுத்து வைக்கும்போது எத்தனையாவது அடியில கிடைச்சதுன்னு ஒரு சீட்டுல எழுதிப் போட்டு வைங்க. இந்தச் சீட்டு பத்தி கீழ இன்னும் புலம்புவேன்.

இந்த அடுக்குகளை முதல்ல கண்டுபிடிச்சது யாரு? ஊட்டத்தூர், அரியலூர்னு நம்ம ஊர்ப் பேரெல்லாம் உலக ஜியாலஜி புஸ்தகத்துல எப்படிப் போச்சு?
– கல்லூரி மாணவர், திருச்சி

ஊர்க்காரங்களுக்கு எப்பவோ தெரியும் தம்பி, ஏர் ஓட்டுறவன் கால்ல குத்தாத கல்லா. எழுதி வச்ச கதை 1840-கள்ல ஆரம்பிக்குது. கே, கன்லிஃப்னு ரெண்டு ஆங்கிலேய அதிகாரிங்க பாண்டிச்சேரி, விருத்தாசலம், திருச்சி பக்கம் சுத்தி ஓடு ஓடா பொறுக்கி லண்டனுக்கு அனுப்புனாங்க. அங்க எட்வர்ட் ஃபோர்ப்ஸ் உக்காந்து பாத்து 1846-ல அறிக்கை போட்டாரு, இதெல்லாம் ஐரோப்பாவுல இருக்கிற கிரெடேஷியஸ் கால, அதாவது டைனோசரோட கடைசிக் காலத்து, உயிருங்களோட சொந்தக்காரங்கன்னு.

ஆனா கிடைச்சதைப் பொறுக்கிறது வேற, அடுக்கைப் படிக்கிறது வேற. அந்த ரெண்டாவது வேலையைச் செஞ்சது ஹென்றி பிளான்ஃபோர்டு. ஜியாலஜிக்கல் சர்வே ஆஃப் இந்தியா 1851-ல ஆரம்பிச்சு கொஞ்ச வருஷந்தான் ஆகியிருந்துச்சு, சின்னப் பையன், இருபத்தி சொச்சம் வயசு. 1850-கள் கடைசில இந்தக் காட்டையெல்லாம் அளந்து மேப் போட்டு, 1862-ல புஸ்தகமா வந்துச்சு. கீழ இருந்து மேல ஊட்டத்தூர், டிரிச்சினாப்பள்ளி, அரியலூர்னு மூணு குரூப்பா பிரிச்சாரு. நாலாவதா சொல்ற நின்னியூர் பின்னால தனியா பிரிஞ்சது. நூத்தி அறுவது வருஷமா எத்தனையோ பேர் வந்து உள்பிரிவு சேத்தாங்க, மாத்துனாங்க, சண்டை போட்டாங்க, ஆனா அந்த மூணு பேரை யாரும் அசைக்க முடியல. அதே பிளான்ஃபோர்டு பின்னால 1875-ல இந்திய வானிலைத் துறைக்கு முதல் தலைவரா போயி, இமயமலைப் பனியைப் பாத்து பருவமழையை முன்கூட்டியே சொல்ற வேலையில இறங்கிட்டாரு. ஒரு மனுசன் ஒரே ஆயுசுல கீழயும் படிச்சாரு மேலயும் படிச்சாரு.

அவரு பெட்டி பெட்டியா கல்கத்தாவுக்கு அனுப்புன ஃபாசில்களைப் பிரிச்சு பேர் வச்சது பெர்டினாண்ட் ஸ்டோலிச்கா, இன்னைக்கு செக் நாடுன்னு சொல்ற பக்கத்து ஆளு. அம்மோனைட் (சுருள் ஓட்டுக்குள்ள வாழ்ந்த, கணவா மீனோட சொந்தக்காரக் கடல் உயிரு), நத்தை, சிப்பி, பவளம்னு வருஷக்கணக்கா, 1873 வரைக்கும், பெரிய பெரிய தொகுதிகளா படத்தோட வெளியிட்டாரு. அடுத்த வருஷமே 1874-ல யார்கண்ட் பயணத்துல இருந்து திரும்பும்போது லடாக்ல உயரம் ஒத்துக்காம செத்துப்போனாரு, வயசு 36. லே ஊர்ல அவருக்கு நினைவுத்தூண் இருக்கு. அந்தத் தொகுதிகளைத்தான் இன்னைக்கும் ஆராய்ச்சி பண்றவங்க புரட்டுறாங்க. ஏன் புரட்ட முடியுதுன்னா பிளான்ஃபோர்டு அனுப்புன கல்லோட கிடைச்ச ஊரும் அடுக்கும் சேந்து போச்சு. வெறும் கல்லா போயிருந்தா அவ்வளவு பெரிய ஆளாலயும் அழகா இருக்குன்னு மட்டும்தான் சொல்லியிருக்க முடியும்.

பேரைப் பத்திக் கேட்டதால ஒண்ணு. ஊட்டத்தூர் குரூப்புக்குள்ள பவளமும் பாசியும் சேந்து கட்டுன ஒரு சுண்ணாம்புக்கல் அடுக்கு இருக்கு, அதுக்கு டால்மியாபுரம் ஃபார்மேஷன்னு பேரு. 1953 ஜூலையில இந்தப் பேரு வேண்டாம், கல்லக்குடின்னு வைன்னு கலைஞர் தண்டவாளத்துல தலை வச்ச அதே ஊரு. ஸ்டேஷன் பேரு பின்னால கல்லக்குடி பழங்காநத்தம்னு மாறிடுச்சு, பாறைக்கு மட்டும் இன்னைக்கு வரைக்கும் டால்மியாபுரம்தான். ஜியாலஜில ஒரு தடவை முறையா அச்சுல ஏறின பேரை மாத்துறது தண்டவாளத்துல படுக்கிறதைவிடக் கஷ்டம்.

2020-ல பெரம்பலூர் குன்னம் பக்கம் டைனோசர் முட்டை கிடைச்சுதுன்னு போட்டோவெல்லாம் வந்துச்சே. அப்புறம் அது முட்டை இல்லன்னு சொல்லிட்டாங்க. நான் நேர்ல பாத்தேன் சார், அச்சு அசல் முட்டை. ஏதோ மறைக்கிறாங்களா?
– வாசகர், பெரம்பலூர்

யாரும் மறைக்கலைங்க. அந்த அக்டோபர்ல எனக்கே அந்தப் போட்டோ முப்பது குரூப்ல இருந்து வந்துச்சு, பாத்ததும் எனக்கும் ஒரு செகண்டு தூக்கிப் போட்டுச்சு, பொய் சொல்ல மாட்டேன்.

அது கான்கிரீஷன்னு சொல்ற உருண்டைக்கல்லு. கடலடிச் சேத்துல ஒரு சிப்பியோ அம்மோனைட்டோ செத்துக் கிடக்குதுன்னு வைங்க, அது அழுகும்போது அதைச் சுத்தி இருக்கிற தண்ணியோட குணம் மாறி, கரைஞ்சிருக்கிற சுண்ணாம்பு அந்த எடத்துல மட்டும் இறுக ஆரம்பிக்கும். ஜவ்வு மிட்டாய் சுத்துற மாதிரி சுத்திச் சுத்தி இறுகி, சுத்தியுள்ள களி மெத்துனே இருக்க நடுவுல ஒரு உருண்டை மட்டும் கல்லா நிக்கும். பின்னால மழை களியைக் கரைச்சுட்டு உருண்டையை விட்டுட்டுப் போயிடும். நீங்க பாத்தது அதைத்தான்.

உடைஞ்சது ஒண்ணு கிடைச்சா உள்ள பாருங்க. முட்டைன்னா வெளிய ஓடுன்னு ஒண்ணு தனியா இருக்கணும், மெல்லிசா, ஒரே கனத்துல, லென்ஸ் வச்சா மூச்சுத்துளை தெரியணும். கான்கிரீஷன்ல ஓடு கிடையாது, வெங்காயம் மாதிரி வட்டம் வட்டமா இருக்கும், இல்லன்னா வெளிய இருந்து உள்ள வரைக்கும் ஒரே கல்லு, நடுவுல அதிர்ஷ்டம் இருந்தா சுருள் சுருளா ஒரு அம்மோனைட். சைஸும் பாருங்க, நெல்லிக்கா அளவுல ஒண்ணு, அதுக்குப் பக்கத்துல பரங்கிக்கா அளவுல ஒண்ணு. ஒரு விலங்கு இப்படி முட்டை போடுமா?

ஆனா இதையெல்லாம் பாக்கறதுக்கு முந்தியே ஒரு கேள்வி கேட்டிருந்தா அன்னைக்கே முடிஞ்சிருக்கும்: அது கிடந்த அடுக்கு எது? குன்னம் பக்கம் இருக்கிறது கடல்ல படிஞ்ச அடுக்கு, சுத்தி அம்மோனைட்டும் சிப்பியும். டைனோசரு தரையில குழி தோண்டி முட்டை வைக்கிற ஜாதி, கடலுக்கு அடியில போயி வைக்காது.

அரியலூர் பக்கமே முட்டை கிடையாதுன்னு நான் சொல்லல, கவனிங்க. கடைசி கிரெடேஷியஸ் அடுக்குல இருந்து எடுத்த ஒரு டைனோசர் முட்டையோட ஓட்டை மைக்ராஸ்கோப்ல வச்சு ஆராய்ஞ்சு 1996-லயே கட்டுரை வந்திருக்கு. கூடு கூடா பாக்கணும்னா குஜராத்ல பாலசினோர் பக்கம் ராய்யோலி போங்க, நர்மதைப் பள்ளத்தாக்கு போங்க. அங்க அந்த அடுக்கு தரையில படிஞ்ச அடுக்கு.

உலகத்துலயே பெரிய டைனோசர் அரியலூர்ல இருந்துச்சுன்னு யூட்யூப்ல பாத்தேன். எலும்பு எந்த மியூசியத்துல இருக்கு? பசங்களைக் கூட்டிட்டுப் போகணும்.
– வாசகி, சென்னை

எந்த மியூசியத்துலயும் இல்லைங்க. இந்தக் கேள்விக்கு பதில் எழுதும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும்.

கல்லமேடுன்னு ஒரு எடம். அங்க இருக்கிற மணல்கல்லு கடல் பின்வாங்கினதுக்கு அப்புறம் ஆறு கொண்டாந்து போட்டது, அதனாலதான் அங்க டைனோசர் எலும்பு வருது. மேட்லின்னு ஒருத்தர் 1929-லயே அந்தப் பக்கத்து எலும்புங்களைப் பத்தி எழுதிட்டாரு. 1980-கள் கடைசில யாதகிரியும் அய்யாசாமியும், ரெண்டு பேரும் ஜியாலஜிக்கல் சர்வேகாரங்க, அங்க கிடைச்ச பெரிய எலும்புகளுக்கு புருகத்காயோசாரஸ் மாட்லியின்னு பேர் வச்சாங்க, பெரிய உடம்புக்காரன்னு அர்த்தம், கூடவே மேட்லி பேரு. முதல்ல கறி தின்கிற ஜாதின்னு எழுதினாங்க, பின்னால பாத்தவங்க இல்ல, கழுத்து நீண்ட தழை தின்கிற சாரோபாடுன்னு மாத்துனாங்க. முழங்காலுக்குக் கீழ இருக்கிற ஒரே ஒரு எலும்பு மட்டும் 2 மீட்டர்னு அளவு கொடுத்திருக்காங்க, நம்ம வீட்டு நிலைக்கதவு உசரம். அர்ஜென்டினாவுல கிடைச்ச அர்ஜென்டினோசாரஸ் பெரிய ராட்சசன்னு பேர் வாங்குனது, அதோட முழங்காலுக்குக் கீழ இருக்கிற எலும்பு 155 சென்டிமீட்டர்தான். 2023-ல கணக்குப் போட்டவங்க புருகத்காயோசாரஸ் எடை 100 டன்னுக்கு மேலன்னு சொல்றாங்க, நீலத்திமிங்கலத்தோட மல்லுக்கு நிக்கிற எடை.

இதெல்லாம் எலும்பு இருந்தா பேசலாம். அந்த எலும்பு தோண்டும்போதே உதிரக்கூடிய பதத்துல இருந்திருக்கு, மழை வேற, பாதுகாப்பா மாவுக்கட்டு போட்டும் உள்ளயே நொறுங்கிப் போச்சு. மிச்சம் இருந்தது கொஞ்சம் கோட்டுப் படம், அளவு, அவ்ளோதான். அதனால உலகத்துல பாதிப் பேரு இது எலும்பே இல்ல, கல்லான மரக்கட்டையா இருக்கும்னு கூட எழுதினாங்க, அந்தப் பக்கம் கல்மரமும் கிடைக்குதுங்கிறதால அந்தச் சந்தேகத்தையும் குறை சொல்ல முடியாது. 2022-ல அய்யாசாமியும் பால்ங்கிற இன்னொரு ஆராய்ச்சியாளரும் சேந்து, அன்னைக்குத் தோண்டுனப்ப எடுத்த பழைய போட்டோவெல்லாம் வெளியிட்டாங்க, அதுல பாத்தா எலும்புன்னுதான் தெரியுதுன்னு நிறைய பேரு இப்ப ஒத்துக்கிறாங்க. எனக்கும் எலும்புன்னுதான் படுது. உலகத்துலயே பெருசான்னு கேட்டா, தொலைஞ்சு போன ஒண்ணை வச்சு ரெக்கார்டு கேக்க முடியாதுங்க. பிளான்ஃபோர்டு கதையில கல்லும் இருந்துச்சு சீட்டும் இருந்துச்சு, நாம வீட்ல பண்றது கல்லு மட்டும் இருக்கும் சீட்டு இருக்காது, இங்க தலைகீழா சீட்டு மட்டும் பத்திரமா இருக்கு, எலும்பைக் காணோம்.

பெருசையே பாக்காதீங்க, அதே கல்லமேட்டுல மண்ணைச் சலிச்சு எடுத்த குட்டிக் குட்டி விஷயம் எனக்கு அதைவிட முக்கியமாப் படுது. அங்க கிடைச்ச ஆமைக்கு 2001-ல கூர்மாடெமிஸ் கல்லமெடென்சிஸ்னு பேரு வச்சாங்க, ஊர்ப் பேரே உள்ள இருக்கு. 2013-ல ஒரே ஒரு பல்லு, ட்ரூடான்டிட்னு ஒரு சின்ன டைனோசர் குடும்பத்தோட பல்லு, அது வரைக்கும் வடக்குக் கண்டங்கள்ல மட்டும் இருந்ததா நினைச்ச குடும்பம். அதே வருஷம் மடகாஸ்கர்ல இருந்த முதலை ஒண்ணோட சொந்தக்காரப் பல்லும் வந்துச்சு. இந்தியா தனித் தீவா மிதந்துக்கிட்டு இருந்த காலத்துல யாரெல்லாம் கூட வந்தாங்கன்னு இந்தப் பல்லுங்கதான் சொல்லுது. பசங்களைக் கூட்டிட்டுப் போகணும்னா அரியலூர் பக்கத்துல வாரணவாசில புதைபடிவ அருங்காட்சியகம் இருக்கு, போயிட்டு வாங்க.

சாத்தனூர்ல பெரிய கல்மரம் படுத்திருக்கே, கடல்னு சொல்றீங்க, கடலுக்குள்ள மரம் எப்படி?
– வாசகர், துறையூர்

மிதந்து வந்துச்சு. கரையில நின்ன ஊசியிலை மர வகை, ஆத்துல விழுந்து கடலுக்கு வந்து தண்ணி குடிச்சு மூழ்கிடுச்சு, மேல மணல் மூடிடுச்சு, மரத்தோட அணு அணுவா சிலிக்கா, அதாவது மணல்ல இருக்கிற பொருளு, புகுந்து கல்லாயிடுச்சு. 18 மீட்டர் நீளம், 1940-ல ஜியாலஜிக்கல் சர்வே எம்.எஸ்.கிருஷ்ணன் உலகத்துக்குச் சொன்னாரு. வேலி போட்டு வச்சிருக்காங்க, பாக்கலாம். அங்க இருக்கிற போர்டுல 12 கோடி வருஷம்னு போட்டிருக்கும். மரம் கிடக்கிறது டிரிச்சினாப்பள்ளி குரூப்புல, அந்த அடுக்குல கிடைக்கிற அம்மோனைட்டை வச்சு இன்னைக்குப் போடுற வயசு கிட்டத்தட்ட 9 கோடி. போர்டைவிட அடுக்கை நம்புங்கன்னுதான் நான் சொல்வேன்.

அம்மோனைட்டும் சாளக்கிராமமும் ஒண்ணா? எங்க வீட்டு பூஜையில ஒண்ணு இருக்கு.
– வாசகி, ஸ்ரீரங்கம்

ஒரே குடும்பம்மா, ஊரும் காலமும் வேற. சாளக்கிராமம் நேபாளத்துல காளி கண்டகி ஆத்துல வர்றது, ஜுராசிக் காலத்து கருப்புக் களிக்கல்லுக்குள்ள இறுகுன உருண்டை, உள்ள இருக்கிற சக்கரம்தான் அம்மோனைட். அரியலூர் அம்மோனைட் அதுக்கு அப்புறமான கிரெடேஷியஸ் காலம். குன்னத்து 'முட்டை'யும் உங்க சாளக்கிராமமும் உருவான விதத்துல அண்ணன் தம்பி, இதை மேல இருக்கிற பெரம்பலூர் வாசகர்கிட்ட சொல்லி ஆறுதல் படுத்தணும். இந்த வம்சம் 6.6 கோடி வருஷம் முன்னாடி டைனோசரோட சேந்து அழிஞ்சு போச்சு. நின்னியூர் அடுக்குல நாட்டிலஸ், அதாவது இன்னைக்கும் உயிரோட இருக்கிற சுருள் ஓட்டுச் சொந்தம், வரும், அம்மோனைட் வராது. அந்த அழிவு நடந்த அந்த நிமிஷத்தை அரியலூர் கல்லுல காட்டுங்கன்னு சிலர் கேக்கறாங்க, முடியாது, அதுக்கு நேர் கீழ இருக்கிற கல்லமேடு ஆத்து மணல், அதுல அம்மோனைட் முதல்லயே இருக்காது, அப்புறம் எது அழிஞ்சதுன்னு காட்டுறது.

ஓஎன்ஜிசிக்காரங்க டெல்டாவுல எண்ணெய் எடுக்கிறாங்க. அவங்க எதுக்கு வண்டி போட்டுக்கிட்டு அரியலூர், காரைன்னு வந்து கல்லு பாக்கறாங்க?
– வாசகர், குத்தாலம்

நல்லா கவனிச்சிருக்கீங்க. அடுக்கு கிழக்கே சாஞ்சு இறங்குதுன்னு சொன்னேன்ல, அதே காலத்து அடுக்குங்க உங்க வயலுக்கு அடியில கிலோமீட்டர் கணக்குல ஆழத்துல கிடக்கு. மேல நின்னு பாத்தா காவிரி வண்டல் மட்டும்தான் தெரியும். ஆழத்துல துளை போட்டு எடுக்கிற கல்லு கைக்கட்டை அளவு, அதை வச்சுக்கிட்டு ஒரு மணல் அடுக்கு பக்கவாட்டுல எவ்வளவு தூரம் போகும், எங்க மெலிஞ்சு போகும்னு எப்படிச் சொல்றது? அரியலூர்ல அதுக்குச் சொந்தக்கார அடுக்கு வெயில்ல காயுது, நடந்து போயி அளக்கலாம். ஆண்டிமடம், சத்தப்பாடி, புவனகிரி, நன்னிலம், கமலாபுரம் இதெல்லாம் பஸ் ரூட்டு இல்ல, அந்த ஆழத்து அடுக்குங்களோட பேரு.

சிமெண்டுக்காக இந்தக் கல்லையெல்லாம் வெட்டி எடுத்து அரைச்சுட்டாங்கன்னா அப்புறம் என்ன மிஞ்சும்? நீங்க ஏன் இதைப் பத்தி எழுதவே மாட்டேங்கறீங்க?
– மூணு பேர் கேட்டது, ரெண்டு பேர் கோவமா

எழுதுறேன். கல்லங்குறிச்சி சுண்ணாம்புக்கல்லுன்னா முக்கால்வாசி சிப்பி. கைப்பிடிக்கு அடங்காத கனமான சிப்பி, கிரைஃபியான்னு ஒண்ணு, தட்டு மாதிரி விரிஞ்ச இனோசெராமஸ்னு ஒண்ணு, அடுக்கு அடுக்கா. அரியலூர் ரோட்டுல டிப்பர்ல போறது அதுதான். நீங்க வீடு கட்டுன மூட்டைக்குள்ள 7 கோடி வருஷத்துச் சிப்பி தூளா இருக்கு. எனக்கும் சொந்தமா ரெண்டு மாடி வீடு இருக்கு, அதனால சிமெண்டே வேண்டாம்னு நான் உபதேசம் பண்ண மாட்டேன்.

இன்னொண்ணும் உண்மை, கேக்கப் பிடிக்காது உங்களுக்கு. இந்த ஊர்ல தரை தட்டையா இருக்கும், மேல கரிசல் மூடியிருக்கும், அடுக்கு மொத்தமா கண்ணுல படுறது ஓடையிலயும் சுரங்கத்துச் சுவர்லயும்தான். நான் படிக்கும்போது எங்க வாத்தியார் எங்களைக் கூட்டிட்டுப் போனதே ஒரு மைன்ஸுக்குத்தான், மேல இருந்து கீழ வரைக்கும் சுவத்துல கோடு கோடா, கேக் வெட்டுன மாதிரி. கே, கன்லிஃப், பிளான்ஃபோர்டு யாருக்கும் கிடைக்காத காட்சி அது.

என் கோவம் வேற எடத்துல. அந்தச் சுவரு அடுத்த வருஷம் இருக்காது, வெட்டிக்கிட்டே உள்ள போயிடுவாங்க, முடிஞ்சதும் தண்ணி நிரம்பிடும். வெட்டுறப்ப ஒரு ஆள், ஒரே ஒரு ஜியாலஜி படிச்ச ஆள், மாசத்துக்கு ஒரு தடவை போயி சுவரை போட்டோ எடுத்து அளவு குறிச்சு, நல்ல ஃபாசில் வந்தா எந்த மட்டத்துல வந்துச்சுன்னு எழுதி வைக்கணும்னு ஒரு விதி இருந்தாக் கூடப் போதும். புவியியல் பாரம்பரியச் சின்னங்களைப் பாதுகாக்க மத்திய அரசு 2022 டிசம்பர்ல ஒரு வரைவு மசோதா வெளியிட்டுச்சு. காரை பக்கத்து பேட்லேண்ட்ஸ், அதாவது மழை ஓடை ஓடையா அரிச்ச நிலம், தேசிய புவியியல் சின்னப் பட்டியல்ல இருக்கு. இருந்தும் போன தடவை நான் போனப்ப அந்த ஓடைக்குள்ள பிரியாணி பொட்டலமும் பாட்டிலும்தான் முதல்ல கண்ணுல பட்டுச்சு.

பையன் காரைக்குப் போகணும்னு ஒத்தக்கால்ல நிக்கிறான். எப்ப போகலாம், என்ன எடுத்துட்டுப் போகணும், கல்லு எடுத்துக்கிட்டு வரலாமா?
– வாசகர், லால்குடி

திருச்சி சென்னை ரோட்டுல பாடாலூர்ல கிழக்க திரும்பி ஊட்டத்தூர் வழியாப் போங்க. மழை விட்டு நாலு நாள் கழிச்சுப் போறது நல்லது, புதுசா கழுவி விட்டிருக்கும், ஆனா ஈரம் காயணும், அந்தக் களி நனைஞ்சா செருப்பைப் பிடுங்கி வச்சுக்கும். ஓடை ஓடையா அரிச்சு போட்ட நிலம், புல்லு கூட சரியா முளைக்காது. நடக்கும்போது தரையில கண்ணாடித் துண்டு மாதிரி மினுமினுன்னு தெரிஞ்சா அது ஜிப்சம், நகத்தால கீறுனாலே கோடு விழும். விரல் நீளத்துல, தேன் கலர்ல, ஒரு முனை கூரா, உடைஞ்ச சாக்பீஸ் மாதிரி கிடக்கிறது பெலம்னைட், கணவா மீனோட தூரத்துச் சொந்தம், அதோட உடம்புக்குள்ள இருந்த முள்ளு. ஒரு துண்டு எடுத்து உடைஞ்ச பக்கத்தை வெயிலுக்குக் காட்டுங்க, நடுவுல இருந்து வெளிய சூரியக் கதிர் மாதிரி கோடு போகும். அந்த ஓட்டுல இருக்கிற ஆக்சிஜனை ஆராய்ஞ்சுதான் அன்னைக்குக் கடல் தண்ணி எவ்வளவு சூடா இருந்துச்சுன்னு கணக்குப் போடுறாங்க, பையன்கிட்ட சொல்லுங்க, நம்ப மாட்டான்.

கல்லு எடுக்கிறதைப் பத்தி. செகண்ட் இயர் ஃபீல்டு ட்ரிப்ல நான் இதே காரையில உள்ளங்கை அளவு அம்மோனைட் ஒண்ணை எடுத்து யாருக்கும் காட்டாம பையில போட்டுக்கிட்டேன். ரெண்டு வருஷம் கழிச்சு பெருமையா வாத்தியார்கிட்ட கொண்டு போயிக் காட்டுனேன். அவரு திருப்பித் திருப்பிப் பாத்துட்டு, எந்த ஓடை, ஜிப்சத்துக்கு மேலயா கீழயான்னு கேட்டாரு. எனக்கு ஞாபகம் இல்ல. சரி, வச்சுக்கோன்னு கையில குடுத்துட்டாரு. இதை எழுதும்போது கரண்ட் பில்லு மேல அதுதான் உக்காந்திருக்கு. அதனால பையனை போட்டோ எடுக்கச் சொல்லுங்க, பக்கத்துல ஒரு பேனா வச்சு எடுத்தா சைஸ் தெரியும், போன்ல லொகேஷன் ஆன் பண்ணியிருக்கட்டும். ஓடைக்கரைச் சுவர்ல பதிஞ்சிருக்கிறதைத் தொட வேண்டாம், சுத்தி கித்தி எல்லாம் வீட்லயே வச்சுட்டு வாங்க.

தண்ணி ஆளுக்கு ரெண்டு லிட்டர், தொப்பி, காலையில ஏழு மணிக்கு அங்க நிக்கிற மாதிரி கிளம்புங்க. நிழலுக்கு அங்க ரெண்டு சீமைக்கருவை தவிர வேற கிடையாது, அதுலயும் ஒண்ணுக்கு அடியில எப்பவும் ஆட்டுக்காரர் இருப்பாரு. அவர்கிட்ட பேச்சு குடுத்துப் பாருங்க, எந்த ஓடையில என்ன கிடக்கும்னு என்னைவிட அவருக்கு நல்லாத் தெரியும்.